குறி ஓரிடம், கோளாறு வேறிடம்: புதுப்பித்த வீட்டின் தொல்லைகளைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

வீட்டில் ஒரு தொல்லை எந்த இடத்தில் கண்ணில் படுகிறதோ அந்த இடத்திலேயே உளியை வைத்துவிடுவதுதான் புதுப்பிப்பு வேலைகளில் பணத்தையும் உழைப்பையும் அதிகமாக விழுங்கும் தவறு. படுக்கையறைச் சுவர் ஊறியிருந்தால் அதன் காரணம் சுவருக்கு அப்பால் உள்ள குளியலறைத் தரையின் வாட்டத்தில், அதாவது சரிவில், இருக்கலாம். பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் நிற்கவில்லை என்றால் அடுத்த அறைச் சத்தம் நுழையும் கதவடி இடைவெளியை, அது ஒரு விரற்கடைதான் என்றாலும், முதலில் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே எதையும் உடைப்பதற்கு முன், தொல்லை எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, எதை நிறுத்தினால் குறைகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு வாரம் குறிப்பு எழுதி வாருங்கள். இதற்கு அளவு நாடா, ரசமட்டம், கைவிளக்கு, பென்சில், சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாள் ஆகியவை போதும்.

கீழே உள்ளவை குறிகளின் வரிசையில் அமைந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் தெரியும் குறியைத் தேடி நேராக அங்கே செல்லலாம். ஆனால் சுவரையோ தூணையோ தொடும் வேலை எதுவாக இருந்தாலும் விரிசல் பற்றிய பகுதியையும் சேர்த்துப் படித்துவிடுவது நல்லது.

குறி: சுவரில் ஈரம், பெயிண்ட் பொருக்குத் தட்டுகிறது, உப்புப் பூக்கிறது

இது வீடுகளில் மிகுதியாகத் தவறாகக் கணிக்கப்படும் கோளாறு. சுவருக்குள் ஈரம் வருவதற்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு: தரையிலிருந்து மேலேறும் ஓதம், வெளிப்புறச் சுவர் அல்லது கூரை வழியாக நுழையும் மழைநீர், குழாய் அல்லது குளியலறைத் தரையின் கசிவு, அறைக் காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து நீராவது. நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குப் போட்டால், பூசிய நீர்த்தடுப்புப் பூச்சு ஓராண்டுக்குள் உரிந்து விழும்.

முதலில் ஈரத்தின் உருவத்தைப் பாருங்கள். தரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு பட்டையாக எழுந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிட்டு, மேல் விளிம்பில் வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால், அது பெரும்பாலும் கீழிருந்து ஏறும் ஓதம். சுவரின் நடுவிலோ கூரையிலோ வட்டமாகப் படர்ந்து மழைக்குப் பின் கருமையாகி வெயிலில் வெளுத்தால், வெளியிலிருந்து வரும் நீர். மழையோடு தொடர்பே இல்லாமல் எப்போதும் ஒரே அளவில் ஊறியிருந்தால், அழுத்தம் உள்ள குடிநீர்க் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். குளித்த பிறகோ துணி துவைத்த பிறகோ மட்டும் கூடினால், வடிகால் குழாயையும் குளியலறைத் தரையையும் பார்க்க வேண்டும். அறையின் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் மட்டும் கரும்பூஞ்சை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், உள்ளே படியும் நீராவியே காரணமாக இருக்கும்.

உருவத்தால் முடிவு தெரியவில்லை என்றால் அலுமினியத் தாள் சோதனை கைகொடுக்கும். ஈரம் தெரியும் இடத்தில் ஓர் அடிச் சதுரப் பரப்பை முடி உலர்த்தியால் நன்றாகக் காயவைத்து, அதன்மேல் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிமுகத்தில் நீர்த்துளி நின்றால் அது அறைக் காற்றிலிருந்து வந்தது. உள்முகம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வந்தது. 25 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, ஏறத்தாழ 21 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகிவிடும் என்பதால், குளிரூட்டி ஓடும் அறைக்கு அடுத்த சுவரில் இது நடப்பதில் வியப்பில்லை. இங்கே சுவரை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைப்பதும், குளியலறையிலும் சமையலறையிலும் வெளியேற்று விசிறியை வேலை முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுவதும், துணிகளை அறைக்குள் உலர்த்தாமல் இருப்பதும் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

குழாய்க் கசிவைக் கண்டறிய, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியின் எண்ணையோ தொட்டியின் நீர்மட்டத்தையோ குறித்துவைத்துக் காலையில் ஒப்பிடுங்கள். எண் ஏறியிருந்தாலோ மட்டம் இறங்கியிருந்தாலோ அழுத்தக் குழாயில் கசிவு உண்டு. கழிப்பறைத் தொட்டி ஓசையின்றி ஒழுகவில்லை என்பதையும் அதற்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். குளியலறைத் தரைக்கு, வடிகால் வாயை இறுக அடைத்து இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. இந்தச் சோதனையைச் செய்யாமல் டைல்ஸ் இடுக்குகளை மட்டும் இரண்டு முறை அடைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறையாகத் தரையைத் தோண்டிய பிறகு, கசிவு தரையில் இல்லை, சுவருக்குள் போன ஷவர் குழாயின் இணைப்பில் இருந்தது என்று தெரிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். தரையில் தண்ணீர் நின்றபோது ஈரம் கூடவில்லை என்ற ஒரே செய்தி, எனக்கு இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

தரைதான் காரணம் என்றால் டைல்ஸை எடுத்து, வடிகாலை நோக்கி 1 மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. வாட்டம் கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஏற்றிப் பூசி, மீண்டும் தண்ணீர் நிறுத்திச் சோதித்த பிறகே புது டைல்ஸ் பதிக்க வேண்டும். பதித்த பிறகு சோதிப்பது, பிழை இருந்தால் மறுபடியும் உடைப்பதற்கு நாமே நாள் குறிப்பதாகும்.

குறி: கூடத்தில் எல்லோரும் உரத்துப் பேசுகிறார்கள், தொலைக்காட்சிச் சத்தம் பத்தவில்லை

கூடம், உணவிடம், சமையலறை மூன்றுக்கும் இடையே இருந்த சுவர்களை எடுத்து ஒரே வெளியாக்கிய வீடுகளில், குடிபுகுந்த முதல் வாரத்திலேயே வரும் புகார் இது. சுவர் போனதால் ஒலி பரவுகிறது என்று நினைப்பது பாதி உண்மை. மீதிப் பாதி, வழுவழுப்பான தரை, கண்ணாடிக் கதவு, வெறும் சுவர், வெறும் கூரை ஆகிய எதுவும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதால் வருகிறது.

இதன் கணக்கை முதலில் கண்டறிந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-ல் அங்கிருந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை ஆராய, இன்னொரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து அடுக்கி, மெத்தை கூடக்கூட ஒலி மறையும் நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அவர் கண்ட விதி இதுதான்: அறையின் கன அளவைக் கன மீட்டரில் கணக்கிட்டு 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள பரப்புகள் எல்லாம் சேர்ந்து விழுங்கும் அளவால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய, அதாவது ஏறத்தாழ மறைந்துபோக, ஆகும் நொடிகள் கிடைக்கும். திறந்த ஜன்னலின் ஒரு சதுர மீட்டர் வழியாகப் போன ஒலி திரும்பி வருவதே இல்லை என்பதால் அதை ஓர் அலகு என்று அவர் வைத்துக்கொண்டார்.

நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 144. தரை, கூரை, சுவர்கள் சேர்ந்த பரப்பு 180 சதுர மீட்டர். எல்லாம் கெட்டியான பரப்புகளாக இருந்து சராசரியாக நூற்றுக்கு 3 பங்கு ஒலியை மட்டும் விழுங்கினால், மொத்தம் 5.4 அலகுதான் தேறும். ஒலி மறைய 4 நொடிக்கு மேல் ஆகும். ஒருவர் சொன்ன சொல் மறைவதற்குள் அடுத்தவர் மூன்று சொற்களைச் சொல்லிவிடுவதால், எல்லோரும் குரலை உயர்த்துகிறார்கள். இதே கூடத்தில் தடித்த திரைச்சீலை, விரிப்பு, துணி உறையிட்ட இருக்கைகள், புத்தகங்கள் நிறைந்த ஒரு சுவர், கூரையின் ஒரு பகுதியில் ஒலி உறிஞ்சும் பலகை ஆகியவற்றால் இன்னும் 25 அலகு சேர்த்தால், நேரம் முக்கால் நொடியை ஒட்டி இறங்கிவிடும். பேச்சு தெளிவாகக் கேட்க அது போதும்.

ஆகவே செய்முறை இது. அறையின் நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். வால் நீண்டு ஒலித்தால் உறிஞ்சும் பரப்பு போதவில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பறவை சிறகடிப்பது போலப் படபடவென்று கேட்டால், அந்த இரண்டு சுவர்களில் ஒன்றை மட்டும் அலமாரியாலோ துணியாலோ மூடினாலே அது அடங்கும். நுரைப்பஞ்சுத் துண்டுகளை நாலைந்து இடத்தில் அழகுக்கு ஒட்டுவதால் எண்ணிக்கையில் ஓரிரு அலகுதான் கூடும். அதற்கு ஒரு கனமான திரைச்சீலையே மேல்.

குறி: கதவைச் சாத்தினாலும் அடுத்த அறைச் சத்தம் கேட்கிறது

இது மேலே சொன்னதற்கு நேர்மாறான கோளாறு. அங்கே உறிஞ்ச வேண்டும், இங்கே அடைக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு படுக்கையறைச் சுவரில் மெத்தைப் பலகை ஒட்டியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஒலிக்கு இடுக்கே வாசல். 90 செ.மீ. அகலக் கதவின் அடியில் 1 செ.மீ. இடைவெளி இருந்தால், அது கதவுப் பரப்பில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு திறந்திருக்கும்வரை, கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் 23 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. எனவே முதலில் இரவில் ஒரு பக்க விளக்கைப் போட்டுவிட்டு மறுபக்க இருட்டிலிருந்து எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். வெளிச்சம் வரும் வழியெல்லாம் ஒலியும் வரும். கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் கதவு சாத்தும்போது தானாக இறங்கும் பட்டை, உள்ளீடற்ற கதவுக்குப் பதிலாகக் கெட்டிக் கதவு என்ற வரிசையில் செய்யுங்கள். பிறகும் கேட்டால், இரு அறைகளின் மின்பெட்டிகள் ஒரே சுவரில் முதுகோடு முதுகாகப் பதிக்கப்பட்டிருக்கின்றனவா, பொய்க்கூரைக்கு மேல் சுவர் தளம்வரை எழுப்பப்படாமல் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பிழை புதுப்பித்த வீடுகளில் மிகச் சாதாரணம். பொய்க்கூரை மறைத்துவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அடைத்த பிறகு அறைக்குக் காற்று எங்கிருந்து வரும் என்பதையும் யோசித்துவிடுங்கள். கதவிடுக்கு வழியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அறைக்கு வெளிச்சுவரில் ஒரு காற்றுவழி தேவைப்படும்.

குறி: சமையலறையில் இருவர் நின்றால் இடிபடுகிறார்கள், சமைத்தவருக்கு முதுகு வலிக்கிறது

அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்து, ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டருக்குள்ளும், மொத்தச் சுற்று 4 முதல் 7.9 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது 1940-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான விதி. ஒருவர் மட்டும் சமைக்கும் சிறிய சமையலறைக்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் மூத்தவர் ஒருவர் நறுக்க, இன்னொருவர் அடுப்பில் நிற்க, பிள்ளைகள் தண்ணீர் எடுக்க வந்துபோகும் குடும்பச் சமையலறைக்கு முக்கோணத்தைவிடப் பாதையே முக்கியம் என்பது என் கருத்து. நீர் எடுக்க வருபவர் அடுப்புக்கும் மேடைக்கும் நடுவே நடக்க வேண்டியிருந்தால், எத்தனை அழகான முக்கோணமும் தோற்றுவிடும்.

கண்டறியும் முறை எளிது. பரபரப்பான ஒரு காலைப்பொழுதில் யார் எங்கே எத்தனை முறை போனார்கள் என்று தரைப்படத்தில் கோடு போடுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம்தான் கோளாறு. குளிர்சாதனப் பெட்டியைச் சமையலறை வாசலுக்கு அருகே நகர்த்துவதும், குடிநீரை வெளியே உணவிடத்தில் வைப்பதும் பல வீடுகளில் இடிப்புவேலை இல்லாமலே பாதி மோதலை நீக்கிவிடுகின்றன. இரண்டு மேடைகளுக்கிடையே ஒருவருக்கு 1.05 மீட்டரும், இருவருக்கு 1.2 மீட்டரும் நடைவழி வேண்டும். அடுப்பறைக் கீழ் இழுப்பறைகளையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவையும் திறந்து வைத்த நிலையில் அளக்க வேண்டும், மூடிய நிலையில் அளந்தால் அளவு ஏமாற்றும்.

முதுகு வலிக்குக் காரணம் பெரும்பாலும் மேடை உயரம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து எவ்வளவு உயரம் வருகிறதோ, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. குறைவாக மேடை இருக்க வேண்டும். கழுவுதொட்டியில் கை செல்லும் இடம் விளிம்பைவிடத் தாழ்ந்திருப்பதால், அந்த மேடை மட்டும் சற்று உயரமாக இருப்பது நல்லது. வீட்டில் குள்ளமானவரும் நெட்டையானவரும் சமைத்தால், குள்ளமானவருக்கு ஏற்றபடி மேடையைக் கட்டி, நெட்டையானவருக்குத் தடித்த நறுக்குப் பலகையைக் கொடுங்கள். பலகையால் உயர்த்த முடியும், கட்டிய மேடையைத் தாழ்த்த முடியாது.

புகை போகவில்லை என்றால் விசிறியை மாற்றும் முன் ஒரு மெல்லிய காகிதத்தை அதன் வாயருகே பிடித்துப் பாருங்கள். ஜன்னல் சாத்தியபோது ஒட்டாத காகிதம், ஜன்னலைச் சற்றுத் திறந்ததும் ஒட்டிக்கொண்டால், விசிறிக்குக் குறையில்லை. வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை. திறந்தும் ஒட்டவில்லை என்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வடிகட்டியையும், குழாயில் உள்ள வளைவுகளையும் பாருங்கள்.

குறி: குளியலறையில் நாற்றம், ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது

ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் அடியில் வளைந்த பகுதியில் ஏறத்தாழ 50 மி.மீ. ஆழத்துக்கு நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் பூட்டு. விருந்தினர் அறையின் குளியலறை போல அரிதாகப் பயன்படும் இடத்தில் அந்த நீர் சில வாரங்களில் ஆவியாகிப் போகும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்தில் நாற்றம் அடங்கினால் காரணம் அதுவே. ஊற்றிய தண்ணீரின்மேல் சில துளி எண்ணெய் விட்டால் ஆவியாவது தாமதப்படும். அடிக்கடி பயன்படும் குளியலறையிலும் நாற்றம் வந்து, கழிப்பறையில் நீர் விடும்போது தரை வடிகாலில் குளுக் குளுக் என்று ஓசை கேட்டால், கீழே போகும் நீர் பூட்டு நீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று பொருள். குழாய்த் தொடருக்கு மேலே காற்றுக்குழாய் இல்லை அல்லது அடைபட்டிருக்கிறது. இது குழாய்ப் பணியாளர் செய்ய வேண்டிய வேலை. கழிப்பறைப் பீங்கான் லேசாக ஆடினால், அடியில் உள்ள இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

ஷவர் அழுத்தத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள்: 1 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் தரும். தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார்; 1 பார் கேட்கும் புதுவகை ஷவரை அதில் மாட்டிவிட்டுத் தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்துவதால் பயன் மிகக் குறைவு. குறைந்த அழுத்தத்துக்கான ஷவரைத் தேர்ந்தெடுப்பதோ அழுத்தப் பம்பு பொருத்துவதோதான் வழி. ஆனால் முன்பு நன்றாக வந்துகொண்டிருந்த இடத்தில் புதுப்பிப்புக்குப் பின் குறைந்திருந்தால், குழாயின் உள்விட்டத்தைக் கேளுங்கள். ஒரே அளவு நீர் போக, விட்டம் பாதியானால் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ 32 மடங்காகும். சுடுநீர் மட்டும் குறைந்தால் சூடேற்றியின் நுழைவாயில் வலையில் படிந்த மண்ணைத் தட்டிவிடுவதோடு வேலை முடியலாம்.

குறி: சுவரில் விரிசல்

விரிசலின் அகலத்தைவிட அது வளர்கிறதா என்பதே முதற்கேள்வி. இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சுண்ணக் கலவையால் ஒட்டிவிடுங்கள். கண்ணாடி உடைந்தாலோ முனை குறியைத் தாண்டினாலோ சுவர் இன்னும் அசைகிறது. மழைக்காலத்தில் மூடி வெயிலில் திறக்கும் விரிசல் பருவத்தோடு வந்துபோவது. ஒரே திசையில் திறந்துகொண்டே போவது அஞ்ச வேண்டியது.

தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடும் விரிசல், இரண்டு பொருள்களும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. பூச்சை எடுத்துக் கம்பி வலை பதித்து மீண்டும் பூசினால் போதும். பூச்சின்மேல் சிலந்திவலை போலப் பரவியவை, 1 மி.மீ. வரை அகலமுள்ள மெல்லியவை ஆகியவற்றை நிரப்பிப் பெயிண்ட் அடிக்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு போல ஏறுபவை, மேலே அகன்று கீழே குறுகுபவை, 5 மி.மீ.-ஐத் தாண்டியவை, கதவைச் சாத்தவிடாமல் சட்டத்தைக் கோணலாக்கியவை ஆகியவற்றுக்குக் கட்டுமானப் பொறியாளரை அழைப்பதே முறை. மேஸ்திரியின் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் இந்த முடிவை அவரிடம் விடக்கூடாது.

இடையில் உள்ள சுவரை எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். மேல்மாடியில் அதே கோட்டில் சுவர் இருந்தாலோ, தளம் அதன்மேல் நேராக உட்கார்ந்திருந்தாலோ, வீட்டில் கான்கிரீட் தூண்களே இல்லாதிருந்தாலோ அது பாரம் தாங்கும் சுவர் என்றே கொள்ள வேண்டும். தட்டிப் பார்த்து வரும் ஓசையை நம்பி முடிவு செய்யாதீர்கள். மின்கம்பிக்காகப் பாரம் தாங்கும் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போதும், நிமிர்வாட்டில் சுவர்த் தடிமனின் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைவாட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழம் போகக் கூடாது.

குறி: படிக்கட்டில் எல்லோரும் ஒரே படியில் தடுமாறுகிறார்கள்

கண் பிழையல்ல, அந்தப் படியை அளந்து பாருங்கள். படி உயரத்தின் இரு மடங்கோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ.-க்குள் வர வேண்டும் என்ற விதி பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளான்டெல் காலத்திலிருந்து வருகிறது. உயரம் 165, மிதி 280 என்றால் கூட்டு 610, வசதியான படி. ஆனால் ஏறும் கால் முதல் இரண்டு படிகளிலேயே அளவைக் கற்றுக்கொண்டுவிடுவதால், விதிக்குச் சற்று விலகியிருந்தாலும் எல்லாப் படிகளும் ஒன்றுபோல இருப்பதுதான் உயிர்நாடி.

புதுப்பிப்பில் பழைய டைல்ஸ்மேல் புது டைல்ஸ் ஒட்டித் தரை 25 மி.மீ. உயர்ந்து, படிகள் அப்படியே விடப்பட்டால், முதற்படி 140 ஆகிவிடும். மாடித் தரையும் அவ்வாறே உயர்ந்தால் கடைசிப் படி 190. ஒரே படிக்கட்டில் 50 மி.மீ. வேறுபாடு முதியவரை விழவைக்கப் போதும். எல்லா மிதிகளையும் அதே அளவு உயர்த்துவதோ, உயர்ந்த தரைகளின் புது டைல்ஸைப் பெயர்ப்பதோதான் தீர்வு. ஒளிரும் நாடா ஒட்டுவது தற்காலிக எச்சரிக்கை மட்டுமே. கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.-க்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் தலை நுழையும் என்பதையும் அளவு நாடா கையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

குறி: மாடியறை இரவிலும் தகிக்கிறது, பகலிலும் விளக்கு எரிகிறது

கையைக் கூரையிலும் மேற்குச் சுவரிலும் மாலையில் வைத்துப் பாருங்கள். எது அதிகம் சுடுகிறதோ அதற்கே முதலில் செலவு செய்யுங்கள். கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தைச் சில மணி நேரம் பிடித்துவைத்து இரவில் உள்ளே விடுவதால், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சைக் கூரையின் மேற்புறத்தில் அடிப்பது, உள்ளே பொய்க்கூரை போடுவதைவிட நல்ல முதல் அடி. மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலையால் பெரும்பயன் இல்லை; வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகு திரையே சூடாகி அறைக்குள் வெப்பத்தைக் கொட்டுகிறது. மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

பகல் வெளிச்சம், ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம்வரைதான் பயன்படும் அளவில் செல்லும். மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால் 5 மீட்டரைத் தாண்டிய இடம் இருண்டே இருக்கும். அதனால் ஜன்னலை அகலப்படுத்துவதைவிட உயர்த்துவது பலன் தரும். ஜன்னலுக்கு மேல் பாரம் தாங்கும் லிண்டலைத் தொடும் வேலை என்பதால் மேலே விரிசல் பகுதியில் சொன்னவை இதற்கும் பொருந்தும்.

குறி: இரண்டு சாதனங்களைப் போட்டால் மின்துண்டிப்பான் விழுகிறது

சில நிமிடம் கழித்து விழுந்தால் பளு மிகுதி. போட்டவுடன் விழுந்தால் குறுக்குச்சுற்று. மழையிலோ குளியலறை நனைந்தபோதோ 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் மட்டும் விழுந்தால் ஈரத்தின் வழியே மின்கசிவு. 230 வோல்ட்டில் 2000 வாட் சாதனம் 8.7 ஆம்பியர் இழுக்கும்; இப்படி இரண்டு ஒரே 16 ஆம்பியர் சுற்றில் இருந்தால் அதன் அளவு மீறப்படுகிறது, துண்டிப்பான் விழுந்தால் அது தன் வேலையைத்தான் செய்கிறது. பெரிய துண்டிப்பானை மாற்றிப்போடுவது சுவருக்குள் உள்ள கம்பியைத் தீக்கு இரையாக்கும் செயல். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனிச்சுற்று இழுங்கள்.

குறி: சாப்பாட்டு மேசை எப்போதும் சாமான்களால் நிறைந்திருக்கிறது

இதைப் பழக்கக் குறை என்று பிள்ளைகளைத் திட்டித் தீர்க்க முடியாது. வாசலிலிருந்து உள்ளே வரும் வழியில் பை, சாவி, தலைக்கவசம், கடிதம் ஆகியவற்றை வைக்கக் கைக்கெட்டும் இடம் இல்லாததால், முதலில் எதிர்ப்படும் தட்டையான பரப்பில் அவை இறங்குகின்றன. மேசைமேல் ஒரு வாரம் சேர்ந்தவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் அளந்து வாசலருகே 30 செ.மீ. ஆழத்தில் ஓர் அலமாரி செய்யுங்கள். ஆழமான அலமாரியில் முன்னால் வைத்தது பின்னால் இருப்பதை மறைத்துவிடும். பரணில் போனதோ அடுத்த வீடு மாறும்போதுதான் இறங்கும்.

பல குறிகள் ஒன்றாகத் தெரிந்தால்

பொறியாளர் பார்க்க வேண்டிய விரிசல், பிறகு கூரையிலும் குளியலறையிலும் உள்ள நீர்க்கசிவு, பிறகு சுவருக்குள் போகும் குழாயும் கம்பியும், பிறகு பூச்சும் தரையும், அதன்பின் மரவேலை, கடைசியில் பெயிண்ட் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஊறிய சுவரில் கசிவு நின்ற அன்றே பெயிண்ட் அடிப்பவர்கள் மறுபடியும் முதற்குறிக்கே திரும்பி வருவார்கள். 25 மி.மீ. தடிமன் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்று கணக்கிட்டு, அதுவரை அந்தச் சுவரைத் திறந்தே விட்டு, அலுமினியத் தாளை மீண்டும் ஒட்டி, உள்முகம் உலர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே பட்டி போடத் தொடங்குங்கள்.